பனி கொட்டும் ஊரில் குளிர்காலம் முழுக்க சைக்கிள், பைக் ஓட்ட முடியுமா?

தம்பி பின்லாந்துக்குப் படிக்கப் போகிறான், அங்கே வண்டி ஓட்ட முடியுமா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சைக்கிள் தாராளமாக ஓட்டலாம். வடக்கே ஔலு என்று ஓர் ஊர், மைனஸ் 20 டிகிரியிலும் நிறைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போகிறார்கள். வீரமெல்லாம் இல்லை, சைக்கிள் பாதையில் விழுந்த பனியை நகராட்சி வண்டி வைத்துத் தள்ளிவிடுகிறது, மிச்சம் இறுகிக் கெட்டித் தரையாகிவிடும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது பகலில் உருகி ராத்திரியில் மறுபடி உறைகிற ஐஸுக்கு. அதற்காகவே டங்ஸ்டன் கார்பைடு என்கிற ரொம்பக் கெட்டியான பொருளில் செய்த குட்டி ஆணி பதித்த டயர் விற்கிறார்கள். முன் சக்கரத்துக்காவது அது கட்டாயம் வேண்டும். பின்னால் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்னால் வழுக்கினால் கீழேதான். சம்பா அறுப்பு முடிந்து ரோட்டில் காயப்போட்ட நெல் மேல் பைக் விட்டிருப்பீர்களே, அதே பக்குவம்தான்: முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக்கூடாது, வளைவில் வண்டியைச் சாய்க்கக்கூடாது.

பைக் வேறு கதை. பெரும்பாலானவர்கள் குளிர் தொடங்கும்போதே ஷெட்டில் ஏற்றிவிட்டு வசந்தத்தில்தான் எடுப்பார்கள். குளிரில் பேட்டரி வலு குறையும், எஞ்சின் ஆயில் கெட்டிப்படும், செல்ஃப் எடுக்காது, அதனால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து அவ்வப்போது சார்ஜ் போடுவார்கள். அப்புறம் ஐஸ் உருக ரோட்டில் உப்பு தூவுகிற இடங்களில் செயினும் சைலன்சரும் துருப்பிடிக்கும், நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஓட்டியே தீருவேன் என்கிறவர்கள் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு சைடுகார் பூட்டிய, யூரல் என்கிற ரஷ்ய பைக் மாதிரி வண்டிக்குப் போகிறார்கள், சில மாடல்களில் சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை உண்டு.

தம்பிக்குச் சைக்கிள் போதும். சீக்கிரம் இருட்டிவிடும், முன்னும் பின்னும் லைட் மாட்டச் சொல்லுங்கள்.