கோப்பைக்காக வலுவான அணிக்குப் போன கெவின் டுரான்ட் செய்தது தவறா?

தவறே இல்லை. நீங்கள் டுரான்ட் ரசிகர், "அவன் வாங்கின கோப்பையெல்லாம் கணக்கில் வராது" என்று யாரோ உங்களைக் கடுப்பேற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சை நானும் வாங்கியவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நடந்தது தெரியாதவர்களுக்கு: டுரான்ட் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரம். 2016-இல் அதன் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில், ஏழு ஆட்டத் தொடரில், டுரான்டின் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி 3-1 என்று முன்னால் இருந்தது. ஆறாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் கிளே தாம்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து மட்டும் 11 முறை கூடையில் போட்டு, மொத்தம் 41 புள்ளி எடுத்தார். கடைசியில் தண்டர் 4-3 என்று தோற்றது. அந்த ஜூலை 4-ஆம் தேதி, அதே வாரியர்ஸில் சேரப்போவதாக டுரான்ட் அறிவித்தார். லீக் ஆட்டங்களில் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை படைத்திருந்த அணி அது. 2017, 2018 இரண்டு வருடமும் கோப்பை. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் இரண்டு முறையும் அவருக்கே. ஒக்லஹோமாவில் அவர் ஜெர்சியை எரித்தார்கள்.

"தோற்கடித்தவர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டான்" என்பதுதான் குற்றச்சாட்டு. நானும் அப்படிப் போனவள்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக் கூடைப்பந்து அணியில் நான் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். மாவட்டப் போட்டியில் டவுனில் இருந்த ஒரு பள்ளியிடம்தான் எப்போதும் தோற்போம். பந்தை என்னிடம் கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரும் நின்று பார்ப்பதுதான் எங்கள் ஆட்டம். எதிரணிக்கும் அது தெரியும். பாதிக் கோர்ட்டைத் தாண்டியதும் இரண்டு பேர் வந்து என்னை மூலையில் அடைப்பார்கள். பத்தாவது முடிந்ததும் அந்த டவுன் பள்ளியின் கோச் அப்பாவிடம் பேசினார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், ஷூவும் அவர்களே வாங்கித் தருவார்கள். அப்பா தறி ஓட்டுகிறவர். வேறு என்ன யோசிக்க இருக்கிறது?

பழைய பள்ளியில் டி.சி. கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். பி.டி. சார் ஆபீஸ் வராந்தாவில் எல்லார் முன்னாலும், "நான் தயார் பண்ணின பொண்ணை வித்துட்டீங்க" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

புதுப் பள்ளியில் நேராகப் போய் ராணியாக உட்காரவில்லை. பல மாதம் பெஞ்ச்தான். ஒருநாள் சீனியர் அக்காவுக்குக் கால் பிசகி, என்னை இறக்கினார்கள். கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டர் ஆட்டக்காரிக்குப் பாஸ் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பந்து திரும்பி என் கைக்கே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. கூடைக்குக் கீழே போய் நிதானமாக லே-அப் போட்டேன். கூட விளையாடுகிறவர்கள் நன்றாக விளையாடினால் நமக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியைத் தடுக்க இரண்டு பேர் ஓட, டுரான்ட் தனியாக நின்று பந்தைப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த லே-அப்தான் ஞாபகம் வரும்.

அந்த வருடம் மாநிலப் போட்டி வரை போனோம். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் வாங்கினேன். பழைய பள்ளியோடு ஆடிய அன்று, என் கூடவே வளர்ந்தவள் கை கொடுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் போயிருக்கக் கூடாது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஏழைப் பிள்ளையும் கோடீஸ்வரனும் ஒன்றா என்று உடனே கேட்பீர்கள். பணத்தில் ஒன்று இல்லைதான். ஆனால் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த ஊர் அணி எடுக்கிறதோ அங்கேதான் போயாக வேண்டும். அதில் வீரருக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் முடிந்து டுரான்ட் போனால் துரோகம். டொரான்டோ அணிக்கு ஒன்பது சீசன் உழைத்த டிமார் டிரோசனை 2018-இல் அந்த அணி சான் அன்டோனியோவுக்கு அனுப்பி, கவாய் லெனார்டை வாங்கிக்கொண்டு, 2019-இல் கோப்பையும் தூக்கினால் அது சாமர்த்தியமா? பழைய நட்சத்திர வீரர் சார்லஸ் பார்க்லியும் டுரான்டைக் குறை சொன்னார். 1996-இல் ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் என்ற இரண்டு நட்சத்திரங்களும் இருந்த ஹூஸ்டன் அணிக்குப் போனவர்தான் அவர். அங்கேயும் கோப்பை கிடைக்கவில்லை. இன்றுவரை அதைச் சொல்லித்தான் அவரைக் கிண்டல் செய்கிறார்கள்.

மில்வாக்கி அணியின் நட்சத்திரம் கியானிஸ் வேறு அணிக்குப் போகாமலே 2021-இல் கோப்பை ஜெயிக்கவில்லையா என்பீர்கள். கடைசி ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்த மனிதர், அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கு முந்தைய நவம்பரில் மில்வாக்கி ஜ்ரூ ஹாலிடே என்ற நல்ல வீரரைக் கொண்டுவந்து சேர்த்தது. அணியே ஆள் சேர்த்துக் கொடுத்தால் யார் கிளம்பப் போகிறார்கள்?

விசுவாசம் பற்றி எங்கள் ஊரில் இன்னும் எனக்குப் பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஊரில், நாங்கள் ஆடிய கோர்ட்டில் பொருட்காட்சிப் பந்தல் போட ஆணி அடித்துத் தரையையே பெயர்த்துவிட்டார்கள். சரிசெய்து தரச் சொல்லி மனு கொடுத்தோம், பதில் இல்லை. இப்போது பெண் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஆடுகிறார்கள். அவர்களையும் ஓடிப்போனவர்கள் என்பீர்களா?

ஒக்லஹோமாக்காரர்கள் கோபப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் 2025-இல் கோப்பை வாங்கிவிட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், 2019-இல் தங்கள் வீரர் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் அணிக்கு அனுப்பி அவர்கள் மாற்றிக்கொண்ட பையன். அதற்கு முன் கிளிப்பர்ஸில் அவர் ஆடியது ஒரே ஒரு சீசன். போகிறாயா, இருக்கிறாயா என்று அவரைக் கேட்க வேண்டிய அவசியமே ஒப்பந்தப்படி கிளிப்பர்ஸுக்கு இருக்கவில்லை.