முட்டிவலி அம்மாவோடு போசா: வீட்டைப் பதிவு செய்யும் முன் படிகளை எண்ணுங்கள்

கேள்வி: செப்டம்பரில் ரோம் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத ஆற்றங்கரை ஊராக இருக்கட்டும் என்று இத்தாலியின் சார்டீனியா தீவிலுள்ள போசாவில் மூன்று இரவு தங்க நினைக்கிறோம். நான், கணவர், 67 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம். நாங்கள் இருவரும் கார் ஓட்டுவதில்லை. கோட்டைக்குக் கீழே பால்கனியோடு அழகான வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது, பதிவு செய்யலாமா?

பதில்: போசாவுக்குத் தாராளமாகப் போங்கள், அந்த வீடு மட்டும் வேண்டாம்.

போசா என்றாலே படங்களில் வருவது மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் அந்த வண்ண வீடுகள்தான். அந்தப் பகுதிக்கு சா கோஸ்தா என்று பெயர். அங்கே பல தெருக்கள் உண்மையில் படிக்கட்டுகள், வண்டி உள்ளே வராது. வீடுகளும் குறுகலாக உயர்ந்தவை, மாடிக்கு ஒரே அறை என்று இருக்கும். அதாவது படுக்கை ஒரு மாடியில், கழிவறை இன்னொரு மாடியில். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா அந்தப் படியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

மலையடிவாரத்தில் கோர்சோ என்று கடைத்தெரு ஒன்று ஓடுகிறது, அதற்கும் தேமோ ஆற்றுக்கும் நடுவில் எல்லாமே சமதளம். அங்கே தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள கட்டடத்திலோ அறை பாருங்கள். பழைய பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் தங்கினால் இன்னும் நல்லது என்பேன், ஏனென்றால் கோட்டையும் வண்ண வீடுகளும் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். அந்த வீடுகளுக்குள்ளேயே தங்கினால் எதிர்ச்சுவர்தான் தெரியும். அந்தக் கரையில் வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்களுக்கு சாஸ் கொன்சாஸ் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டுத் தோல் பதனிடும் கூடங்கள். தொழில் எப்போதோ நின்றுபோய், இப்போது ஒன்றில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. கரையோடு கிழக்கே இரண்டு கிலோமீட்டர் போல நடந்தால் 11ஆம் நூற்றாண்டு சான் பியெத்ரோ தேவாலயம். ஏற்றமே இல்லாத பாதை, அம்மாவால் முடிகிற தூரம் வரை போய்த் திரும்பலாம்.

ஊர் கடலில் இல்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருப்பது போசா மரீனா, பழைய ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே. மணற்கரை, பழைய காவல் கோபுரம், ஓட்டல்கள் எல்லாம் அங்கே. கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் அங்கே தங்கலாம், ஆனால் சாயங்காலம் ஊருக்குள் காலாற நடக்கும் சுகம் போய்விடும். கரையில் பழுப்பாக ஏதோ குவிந்து கிடந்தால் குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள், பொசிடோனியா என்ற கடற்புல் காய்ந்து ஒதுங்கியது அது. மிஸ்ட்ரால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாளில் மட்டும் கடலில் இறங்க வேண்டாம். கானே மாலு என்று பாறைகளுக்கு நடுவே இயற்கைக் குளம் ஒன்று உண்டு, பெயருக்கு அர்த்தமே 'கெட்ட நாய்'. அலை அடிக்கும்போது அந்தப் பாறைப் பக்கமே போகக்கூடாது.

சரி, எப்படிப் போவது? ரோமிலிருந்து சார்டீனியாவின் அல்கேரோ நகருக்கு விமானம், ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து போசா கடலோரச் சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அரசு பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சிலவே, ஞாயிறு இன்னும் குறைவு, அதனால் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் விமானத்தைப் பதிவு செய்யுங்கள். பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 'தபாக்கி' என்ற பெட்டிக்கடைகளில் கேளுங்கள். எல்லா பஸ்ஸும் கடலோரமாகப் போகாது, சில உள்பக்க மலைவழியாகச் சுற்றும், கேட்டு ஏறுங்கள். உங்கள் நிலையில் நான் என்றால் போகும்போது மட்டும் டாக்ஸி பேசிவிடுவேன். அந்தக் கடலோரச் சாலையில் ஊரே கிடையாது, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செங்குத்தாகக் கடல்; வலது பக்க ஜன்னல் அம்மாவுக்கு. மேலே பெரிய இறக்கையோடு எதுவாவது வட்டமிட்டால் கழுகு என்று நினைப்பீர்கள், பெரும்பாலும் அது பிணந்தின்னிப் பறவையான பாறு. இத்தாலியில் அழியாமல் தப்பிய பாறுக் கூட்டம் இந்த மலைகளில்தான் இருக்கிறது.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் செப்டம்பர் இரண்டாம் ஞாயிற்றை ஒட்டிப் போங்கள். கோட்டைக்குள் இருக்கும் ரெஞ்ஞோஸ் ஆல்தோஸ் மாதா கோயில் திருவிழா அப்போதுதான். சா கோஸ்தா தெருக்களில் வீட்டுக்கு வீடு குட்டிப் பீடம் அலங்கரித்து, தெருவிலேயே மேசை போட்டுச் சாப்பிடுவார்கள். கூட்டம் இருக்கும்தான், ஆனால் ஊர்க்காரர்களின் கூட்டம். அறையை மட்டும் சீக்கிரம் பதிவு செய்துவிடுங்கள்.

கோட்டையை அம்மா பார்க்க வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மலைக்குப் பின்பக்கமாகச் சாலை உண்டு, டாக்ஸி மேலே வரை போகும். கோட்டைக்குள் பெரும்பாலும் மதில்தான், வெயில் வேறு. நேராக அந்தச் சின்னக் கோயிலுக்குப் போய் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பாருங்கள். மூன்று உயிருள்ளவர்கள் மூன்று பிணங்களை எதிர்கொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது, எனக்கு அந்தக் கோட்டையே அந்த ஒரு சுவருக்காகத்தான்.

சாப்பாட்டில்தான் கவனம். 'சைவம்' என்று சொன்னால் மட்டும் போதாது, 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரோதோ' என்று இறைச்சி, மீன், அவை வேகவைத்த சாறு மூன்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். குலுர்ஜோனெஸ் கிடைத்தால் வாங்குங்கள்: உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் சீஸ், புதினா வைத்து மூடியது, கிட்டத்தட்ட நம் கொழுக்கட்டை. ஆனால் பெக்கோரினோ சீஸில் பால் உறையச் சேர்ப்பது வழக்கமாக ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது, தேன் ஊற்றித் தரும் செயதாஸ் பலகாரத்தின் மாவிலும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேரும். அம்மாவிடம் இதை ஊருக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தட்டு வந்த பிறகு வேண்டாம்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து மணி வரை கடைகள் அடைத்திருக்கும், ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது கஷ்டம். அம்மாவுக்கு ஆறரைக்கே பசிக்கும் என்றால் சமையலறையோடு அறை எடுங்கள், ஒரு சின்னக் குக்கரும் கொண்டுபோங்கள். ஆற்றங்கரை என்பதால் கொசுவத்தியும்.