பிமாஸின் பல்க் எங்கே போகிறது? – லேஅவுட் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை சிப் லேஅவுட்டைப் பார்க்கவும் சோதிக்கவும் உதவும் கேலேஅவுட் மென்பொருளின் எல்விஎஸ் பக்கமாகவே இருந்தன. அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான். கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது சின்ன ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.

*

மகள் வயிற்றுப் பேத்தி கோயம்புத்தூரில் சிப் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். என்ன வேலை கண்ணு என்றால், "நெட்லிஸ்ட்கிட்ட கேள்வி கேக்குற வேலைங்க அப்புச்சி" என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா?
– ஓய்வுபெற்ற மில் எலெக்ட்ரீஷியன், பொள்ளாச்சி

நிஜமாகவே அதுதான் வேலைங்க ஐயா. மில்லில் புது ஸ்டார்ட்டர் போர்டு மாட்டினால், கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் டயக்ராமை ஒரு கையிலும் டெஸ்டரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எந்த ஒயர் எந்தக் காண்டாக்டருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பீர்கள். சிப்பில் அந்தச் சோதனைக்குப் பெயர் எல்விஎஸ், அதாவது லேஅவுட்டை ஸ்கீமாட்டிக்கோடு (டிசைனரின் சர்க்யூட் வரைபடத்தோடு) ஒப்பிடுவது. லேஅவுட் என்பது வெறும் வண்ணக் கட்டங்கள்தான். அதில் டிரான்சிஸ்டர் என்று எங்கும் எழுதியிருக்காது. பாலிசிலிக்கான் டிஃப்யூஷனைக் குறுக்கே கடக்கிற இடத்தை டிரான்சிஸ்டர் என்றும், மெட்டலும் வயாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தை ஒரே ஒயர் என்றும் மென்பொருள் தானே கண்டுபிடித்து ஒரு பட்டியல் போடும். அந்தப் பட்டியல்தான் நெட்லிஸ்ட். அதை டிசைனர் எழுதிக் கொடுத்த நெட்லிஸ்டோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்லும். உங்கள் பேத்தி அதோடு நிற்காமல், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஸ்கிரிப்ட் எழுதி விசாரிக்கிறாள். நல்ல வேலை.

*

அண்ணா, ஸ்கை130 என்ற திறந்த சிப் தயாரிப்பு முறையின் நூலக செல்களை (தயாராக வரைந்து வைத்த சின்ன சர்க்யூட்டுகளை) வைத்து ஒரு சின்ன கவுன்ட்டர் போட்டேன். எல்விஎஸ் பொருந்திவிட்டது. ஆனால் எங்கள் மேடம், "எல்லா பிமாஸின் பல்க்கும் விடிடியில்தான் இருக்கிறதா என்று ஸ்கிரிப்டில் காட்டு" என்கிறார். பாஸ் ஆன பிறகு இது எதற்கு? எழுதியும் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லா பிமாஸும் தப்பு என்று வருகிறது.
– இறுதியாண்டு மாணவி, பெருந்துறை

உங்கள் மேடம் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி கண்ணு. (புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: மாஸ் டிரான்சிஸ்டரில் பிமாஸ், என்மாஸ் என இரண்டு வகை. பல்க் என்பது அதன் உடலோடு சேரும் நான்காவது கால். விடிடி என்பது பவர் ஒயர்.) லேஅவுட்டும் ஸ்கீமாட்டிக்கும் ஒன்று என்பதை மட்டும்தான் எல்விஎஸ் சொல்லும். ஸ்கீமாட்டிக்கிலேயே பல்க்கைத் தவறான ஒயரில் கொடுத்திருந்தால், லேஅவுட்டும் அதே தவறோடு இருக்கும், இரண்டும் அழகாகப் பொருந்தும், நீங்களும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். 'ஒன்றா' என்பது ஒரு கேள்வி, 'சரியா' என்பது வேறு கேள்வி. இரண்டாவதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். நெட்லிஸ்ட் என்ற பொருளுக்குள் சர்க்யூட்டுகள் இருக்கின்றன; ஏறக்குறைய ஒரு செல்லுக்கு ஒரு சர்க்யூட். ஒவ்வொரு சர்க்யூட்டுக்குள்ளும் நெட், டிவைஸ், சப்சர்க்யூட், பின் என நான்கு வகைப் பொருள்கள். 'ஈச் சர்க்யூட்' போட்டு சர்க்யூட்டுகளையும், அதற்குள் 'ஈச் டிவைஸ்' போட்டு டிவைஸ்களையும் சுற்றி வரலாம். டிவைஸிடம் 'டிவைஸ் கிளாஸ்' கேட்டால் பிமாஸா என்மாஸா என்று தெரியும். 'நெட் ஃபார் டெர்மினல்' கேட்டால் அந்தக் காலில் மாட்டியிருக்கும் நெட் வரும். எதுவுமே மாட்டாத காலுக்கு நில் வரும், அதற்கும் ஒரு இஃப் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நெட்லிஸ்டை வழக்கமாக எழுதிவைக்கும் ஸ்பைஸ் கோப்பில் மாஸ் வரியின் கால் வரிசை டிரெயின், கேட், சோர்ஸ், பல்க். கேலேஅவுட்டின் நான்கு கால் மாஸில் சோர்ஸ் 0, கேட் 1, டிரெயின் 2, பல்க் 3. பல்க் இரண்டிலும் கடைசியில் இருப்பதால் இந்தக் கணக்கில் தப்பித்தீர்கள். நாளைக்கு டிரெயினைத் தேடும்போது 0 போட்டால் சோர்ஸ் வந்து நிற்கும்.

இனி உங்கள் ஸ்கிரிப்ட். பல்க் நெட்டின் பெயரை 'விடிடி' என்ற சொல்லோடு ஒப்பிட்டிருப்பீர்கள், சரிதானே? ஸ்கை130-இன் எச்டி நூலகத்தில் இன்வெர்ட்டர் செல்லுக்குள் விடிடி என்ற பெயரே கிடையாது. பவர் பின்னுக்குப் பெயர் விபிடபிள்யூஆர், பிமாஸ் உட்காரும் என்-வெல் என்ற சிலிக்கான் பகுதியின் பின்னுக்குப் பெயர் விபிபி. செல்லுக்குள் இந்த இரண்டும் இணைவதும் இல்லை. அந்த செல்களில் வெல் டேப் கிடையாது. டேப் தனி செல்லாக வரிசையில் அங்கங்கே உட்காரும். வெல் பவரோடு சேர்வது அங்கேதான். ஆகவே இன்வெர்ட்டருக்குள் நின்றுகொண்டு "என் பல்க் எங்கே போகிறது?" என்று கேட்டால் "விபிபி பின் வழியாக வெளியே போகிறது" என்பதுதான் கிடைக்கும். அதற்கு மேல் அந்த சர்க்யூட்டுக்கே தெரியாது.

வெளியே போக வழி உண்டு. நெட்டிடம் 'ஈச் பின்' கேட்டால் அது எந்தப் பின் வழியாக வெளியேறுகிறது என்று வரும். சர்க்யூட்டிடம் 'ஈச் ரெஃப்' கேட்டால் அந்த செல்லை யார் யார் மேலே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று சப்சர்க்யூட்டுகளாக வரும். ஒவ்வொரு சப்சர்க்யூட்டிடமும் அந்தப் பின்னின் ஐடியைக் கொடுத்து 'நெட் ஃபார் பின்' கேட்டால் மேல் மட்டத்து நெட் கையில் கிடைக்கும். உச்சி சர்க்யூட் வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒரு இன்வெர்ட்டரை இருநூறு இடத்தில் போட்டிருந்தால் இருநூறு பதில் வரும். அதில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது சரியாகவும் ஒன்று டேப் எட்டாத வெல்லிலும் இருக்கலாம். "இந்த டிவைஸ் சரியா?" என்று கேட்கவே முடியாது, "இந்த வழியாக வந்தால் இந்த டிவைஸ் சரியா?" என்றுதான் கேட்க முடியும். ஹையரார்க்கி (செல்லுக்குள் செல்) இருக்கிற எந்த நெட்லிஸ்டுக்கும் இது பொருந்தும். புதிதாக ஸ்கிரிப்ட் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் கவுன்ட்டர் சின்னது, அதனால் குறுக்கு வழியில் போகலாம். 'டப்' போட்டு நெட்லிஸ்டை ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் 'ஃப்ளாட்டன்' போடுங்கள். உச்சி சர்க்யூட் மட்டும் மிஞ்சும், எல்லா டிவைஸும் அதற்குள் வந்துவிடும், பல்க்கை நேரடியாகக் கேட்கலாம். அசல் நெட்லிஸ்டைத் தட்டையாக்கிவிட்டு அப்புறம் ஒப்பிடப் போகாதீர்கள். பெரிய சிப்புக்கு இந்த வழி ஆகாது. அங்கே 'ஈச் சர்க்யூட் டாப் டவுன்' வரிசையில் மேலிருந்து கீழே வந்து, எந்த செல்லின் எந்தப் பின் பவரில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரே நெட்டில் இரண்டு லேபிள் இருந்தால் கேலேஅவுட் இரண்டு பெயரையும் கமா போட்டுச் சேர்த்துவிடும். 'விடிடி' என்று முழுச் சொல்லாக ஒப்பிட்டால் அந்த நெட் தப்பு என்று வரும். கமாவில் வெட்டிப் பாருங்கள். (விடிடியும் கிரவுண்டான விஎஸ்எஸ்ஸும் கமாவோடு ஒன்றாக வந்தால் ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு ஷார்ட் எங்கே என்று தேடுங்கள்.) இரண்டாவது, உங்கள் எல்விஎஸ் ஸ்கிரிப்டில் 'கனெக்ட் இம்ப்ளிசிட்' என்ற வரி இருக்கிறதா? அது மெட்டலில் தொடாத நெட்டுகளையும் லேபிள் பெயர் ஒன்றாக இருந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். பாதி முடிந்த பிளாக்குக்கு வசதியான வரிதான். ஆனால் அது இருக்கும்போது "பல்க் விடிடியில் இருக்கிறது" என்று வரும் பதிலை நான் நம்பமாட்டேன். எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள்.

*

நான்கு ஃபிங்கராக (ஒரே டிரான்சிஸ்டரை நான்கு துண்டாகப் பிரித்து) வரைந்த என்மாஸ். ஸ்கிரிப்டில் பட்டியல் எடுத்தால் ஒரு நாள் நான்கு டிவைஸ் வருகிறது, இன்னொரு நாள் ஒன்றுதான் வருகிறது. எது உண்மைங்க?
– லேஅவுட் இன்ஜினீயர், சரவணம்பட்டி

இரண்டும் உண்மைதான். நீங்கள் எந்த வரிக்குப் பிறகு கேட்கிறீர்கள் என்று பாருங்கள். எடுத்த கையோடு நெட்லிஸ்டில் நான்கு டிவைஸ் இருக்கும். 'சிம்ப்ளிஃபை' என்ற கட்டளைக்குள் 'கம்பைன் டிவைசஸ்' அடங்கியிருக்கிறது. அது, எல் (நீளம்) ஒன்றாக இருந்து கால்களும் ஒரே நெட்டுகளில் இருந்தால் பக்கவாட்டில் இணைந்த மாஸ்களைச் சேர்த்து, டபிள்யூவை (அகலத்தை) கூட்டி ஒரே டிவைஸாக்கும். ஃபிங்கர் எத்தனை, ஒவ்வொன்றின் டபிள்யூ எவ்வளவு என்று வேண்டுமானால் சிம்ப்ளிஃபைக்கு முன்னால் கேளுங்கள். மொத்த டபிள்யூ வேண்டுமானால் பின்னால் கேளுங்கள். 'பாராமீட்டர்' என்று கேட்டால் வரும் டபிள்யூவும் எல்லும் மைக்ரோமீட்டரில் இருக்கும். மீட்டர் என்று நினைத்துப் பத்து லட்சத்தால் பெருக்காதீர்கள்.

அனலாக் பிளாக்காக இருந்தால் நான் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்வேன். கரன்ட் மிரரில் (ஒரு பக்கத்துக் கரன்டை மறுபக்கம் நகலெடுக்கும் சர்க்யூட்டில்) இரண்டு பக்கமும் ஃபிங்கர் அளவு ஒன்றா என்பது சேர்த்த பிறகு தெரியாது.

*

ரூபியா, பைதானா?
– திருச்செங்கோடு

எல்விஎஸ் ஸ்கிரிப்ட் ரூபியில்தான். அதற்குப் பிறகு வரும் விசாரணைக்கு எது கைக்கு வருகிறதோ அது. பைதானில் கேலேஅவுட் தொகுப்பைப் பிப் வழியாக நிறுவிக்கொண்டால் ஜன்னலே திறக்காமல் வேலை நடக்கும். எல்விஎஸ்ஸை ஒருமுறை ஓட்டி, எல்விஎஸ்டிபி கோப்பாகச் சேமியுங்கள். எடுத்த நெட்லிஸ்ட், ஸ்கீமாட்டிக் நெட்லிஸ்ட், எது எதோடு பொருந்தியது என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். பைதானில் அந்தக் கோப்பைப் படித்து எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், ஒவ்வொரு கேள்விக்கும் எல்விஎஸ்ஸைத் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை.

*

பைதானில் நெட்லிஸ்டைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். வெளியே வந்து ஒரு நெட்டைத் தொட்டதும் 'பொருள் ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது' என்று பிழை.
– ஈரோடு

நெட்லிஸ்டுக்குச் சொந்தக்காரர் எல்விஎஸ் தரவுதளப் பொருள். ஃபங்ஷன் முடிந்ததும் அதைப் பைதான் குப்பையில் போட்டுவிட்டது. அதோடு சேர்ந்து நெட்லிஸ்டும் நெட்டும் போய்விட்டன. தரவுதளத்தையே திருப்பிக் கொடுங்கள், வேலை முடியும் வரை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுற்றி வந்துகொண்டே நெட்டையோ டிவைஸையோ நீக்காதீர்கள். நீக்க வேண்டியவற்றை முதலில் ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு, சுற்று முடிந்ததும் நீக்குங்கள்.

*

பனியன் கம்பெனிகளுக்கு பைதானில் ஸ்டாக் மென்பொருள் எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை. இந்தப் பக்கம் வர முடியுமா?
– திருப்பூர்

ஸ்கிரிப்ட் பக்கம் உங்களுக்குச் சிரமமாக இருக்காது. ஆர்டருக்குள் ஸ்டைல், ஸ்டைலுக்குள் சைஸ் என்று தினமும் சுற்றி வருகிறவருக்கு சர்க்யூட்டுக்குள் நெட் என்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிய மாஸ் டிரான்சிஸ்டரின் நான்கு காலும் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. கம்பெனிகளில் கேலிபர் போன்ற விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்தான் பெரும்பாலும் இருக்கும், ஸ்கிரிப்ட் மொழியும் மாறும். நெட், டிவைஸ், பின் என்ற அமைப்பு மாறாது. பழகுவதற்கு இலவசமாகவே எல்லாம் இருக்கிறது: கேலேஅவுட் திறமூலம், ஸ்கை130 விதிகளும் 2020 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டவை. வீட்டில் உட்கார்ந்து நான்கு நாண்ட் கேட் வரைந்து, அதன் நெட்லிஸ்டை அச்சிட்டுப் பாருங்கள். அது பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

*

மேட்ச் ஆகாத சர்க்யூட் பட்டியலில் ஏகப்பட்ட பெயர்கள். எங்கே தொடங்குவது?
– லேஅவுட் இன்ஜினீயர், காளப்பட்டி

மேலிருந்து படித்தால் தலை சுற்றும். எல்விஎஸ் தரவுதளத்திடம் 'எக்ஸ்ரெஃப்' (எது எதோடு பொருந்தியது என்ற விவரம்) கேளுங்கள், அதில் 'ஈச் சர்க்யூட் பேர்' சுற்றி ஒவ்வொன்றின் 'ஸ்டேட்டஸ்' பாருங்கள். கீழே ஒரு செல் பொருந்தாவிட்டால் அதைப் பயன்படுத்தும் மேல் செல்களைக் கேலேஅவுட் ஒப்பிடாமலே 'ஸ்கிப்ட்' என்று விட்டுவிடும். அவற்றைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டு 'மிஸ்மேட்ச்', 'நோமேட்ச்' இரண்டை மட்டும் அச்சிடுங்கள். பட்டியல் பல சமயம் ஓரிரு செல்லாகச் சுருங்கிவிடும். ஜோடியில் ஒரு பக்கம் காலியாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த செல் ஒரு பக்கத்தில் இல்லவே இல்லை அல்லது பெயர் வேறாக இருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் பொருந்தாத நெட் ஜோடிகளை எடுங்கள். பெயரில்லாத நெட்டுக்கு 'நேம்' கேட்டால் ஒன்றும் வராது. 'எக்ஸ்பேண்டட் நேம்' கேட்டால் டாலர் குறியோடு ஒரு எண் வரும். அந்த எண்ணை வைத்து யாரிடமும் பேச முடியாது. அதனால் அந்த நெட்டை 'ஷேப்ஸ் ஆஃப் நெட்' கட்டளைக்குக் கொடுத்து, மெட்டல் ஒன்றில் அதன் பாலிகான்களை எடுத்து, சுற்றுப்பெட்டியின் இடத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். டிவைஸாக இருந்தால் 'டிரான்ஸ்' கேட்டாலே அது இருக்கும் இடம் வந்துவிடும். லேஅவுட் போட்ட தம்பிக்கு நெட் பெயரை அனுப்புவதை விட எக்ஸ், ஒய் அனுப்பினால் அன்றைக்கே சரிசெய்து கொடுப்பார்.