இங்கிலாந்தின் ஹோவர்டு பிரபுக் குடும்பம்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

நார்ஃபோக் டியூக் பட்டம் ஹோவர்டுகளுக்கு எப்படி வந்தது? போரில் ஜெயித்தா?

இல்லை, பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான். முன்னோரான வில்லியம் ஹோவர்டு 1308இல் இறந்த ஒரு நீதிபதி, பிரபு எல்லாம் கிடையாது. பின்னால் வந்த ராபர்ட், நார்ஃபோக் டியூக் தாமஸ் மௌப்ரேயின் மகள் மார்கரெட்டைக் கட்டினார். மௌப்ரே வம்சத்தில் ஆண் வாரிசு அற்றுப்போக, 1483இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் அந்தப் பட்டத்தை மார்கரெட்டின் மகன் ஜானுக்குக் கொடுத்தார். இரண்டே வருடம்தான். 1485இல் பாஸ்வொர்த்தில் ரிச்சர்டும் ஜானும் ஒரே போரில் செத்தார்கள், பட்டமும் பறிபோனது. ஜானின் மகன் தாமஸ் சிறையிலிருந்து வெளியே வந்து, 1513இல் ஃபிளாடனில் ஸ்காட்லாந்துப் படையைத் தோற்கடித்த பிறகுதான் 1514இல் அதை மீட்டார்.

எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவிகளான ஆன் பொலின், கேத்தரின் ஹோவர்டு இருவருக்குமே மூன்றாம் டியூக் 'அங்கிள்' என்று படித்தேன். என்ன முறை?

நல்ல கேள்வி, அந்த ஒரு சொல் இரண்டு உறவை மறைத்துவிடுகிறது. மூன்றாம் டியூக், ஃபிளாடனில் ஜெயித்த தாமஸின் மகன். ஆனின் அம்மா எலிசபெத் அவருடைய தங்கை, ஆகவே ஆனுக்கு அவர் தாய்மாமன். கேத்தரின் தம்பி எட்மண்டின் மகள், அவளுக்குப் பெரியப்பா. 1536இல் ஆனின் ராஜத்துரோக வழக்கில் தலைமை வகித்து மரண தண்டனையை வாசித்தது அந்தத் தாய்மாமனேதான். 1541இல் கேத்தரின் கள்ள உறவுக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டதும், இந்த இரண்டு பெண்களின் காரியத்தையும் பழித்து ராஜாவுக்குக் கடிதம் எழுதித் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பெண்களால் வளர்ந்த குடும்பம், ஆபத்து வந்ததும் முதலில் கைவிட்டது பெண்களைத்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

அவருக்குத் தண்டனையே இல்லையா?

ராஜத்துரோகக் குற்றத்துக்காக 1547 ஜனவரி 19இல் அவர் மகன், கவிஞர் ஹென்றியின் தலை வெட்டப்பட்டது. அப்பாவுக்கு 28ஆம் தேதி குறித்திருந்தார்கள். அன்று விடியும் முன்பே எட்டாம் ஹென்றி இறந்துவிட்டார், தண்டனை நின்றது. ஆனாலும் 1553 வரை சிறைதான். அடுத்த டியூக்கான பேரன் தப்பவில்லை, ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கல்யாணம் செய்யப் போட்ட திட்டமும் முதலாம் எலிசபெத் ராணியைக் கவிழ்க்கத் தீட்டிய ரிடோல்ஃபி சதியும் 1572இல் அவர் தலையை வாங்கின.

இன்றைக்கும் செல்வாக்கு உண்டா?

உண்டு. அரசு விழாக்களை நடத்தும் ஏர்ல் மார்ஷல் பதவி 1672 முதல் அவர்களுக்குப் பரம்பரை உரிமை. 2022இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கையும் 2023இல் சார்லஸின் முடிசூட்டு விழாவையும் பொறுப்பேற்று நடத்தியவர் 18ஆம் டியூக். ஆருண்டெல் கோட்டையும் அவர்களுடையதுதான், அதுவும் நான்காம் டியூக்கின் முதல் மனைவி மேரி ஃபிட்ஸாலன் வழியாக வந்தது.

கத்தோலிக்கர்களாக இருந்தே தாக்குப்பிடித்தார்களா?

இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் நாடான பிறகு சிலர் மதம் மாறினார்கள், சிலர் மாறவே இல்லை. மேரி ஃபிட்ஸாலனின் மகன், ஆருண்டெல் பிரபுவான பிலிப், 1585இல் நாட்டைவிட்டுத் தப்பிக்கும்போது பிடிபட்டு லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். அதற்குப் பிறகு பிறந்த மகனின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, 1595இல் சிறையிலேயே இறந்தார். 1970இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். லண்டன் போனால் அந்தக் கோட்டையிலுள்ள பீச்சம் கோபுரத்துக்குள் நுழைந்து சுவரைப் பாருங்கள், 1587இல் அவர் லத்தீனில் செதுக்கிய வரி இருக்கும்: இவ்வுலகில் கிறிஸ்துவுக்காக எவ்வளவு துன்பமோ, மறு உலகில் அவரோடு அவ்வளவு மகிமை. கீழே 'ஆருண்டெல்' என்று கையெழுத்து.