கழற்றிப் பார்த்த பதில்கள்

கே: ஊருக்கெல்லாம் தொழில்நுட்பம் சொல்லித்தரும் நீங்கள் ஆறு வருடப் பழைய போனை வைத்திருப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கே கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா மேடம்?

ப: ஆறு இல்லை, இந்த மாதத்தோடு ஏழு. திரையின் மூலையில் ஒரு கீறல் இருக்கிறது. ஒலியைக் கூட்டும் பொத்தானை இரண்டு தடவை அமுக்க வேண்டும். மற்றபடி சொன்ன பேச்சு கேட்கிறது. பேட்டரி மட்டும் மூன்றாவது.

போன் பழசாகிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி, பேட்டரி களைத்துவிட்டது என்பதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. நாம் பயன்படுத்தும்போது இறங்கி வருகின்றன. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் அயனிகள் வழியில் மாட்டிக்கொண்டு திரும்பாமலே போய்விடும். இரண்டு மூன்று வருடத்தில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இதை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, நூறு சதவீதத்திலேயே மணிக்கணக்கில் நிறுத்திவைப்பது. 80-இல் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். "முழுக்கத் தீர்த்துவிட்டு ஏற்று" என்ற பழைய அறிவுரை நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. லித்தியத்துக்கு அது தண்டனை.

1991-இல் சோனி இந்த லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட மூன்று பேருக்கும் 2019-இல்தான் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர் அவர்தான். அவ்வளவு பொறுமையாக வந்த பொருளை ஒன்றரை வருடத்தில் தூக்கி வீச எனக்கு மனம் வரவில்லை.

கே: 200 மெகாபிக்சல் கேமரா என்கிறார்களே, படம் அப்படியா வருகிறது?

ப: வராது. 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அது வழக்கமாகக் கையில் கொடுக்கும். ஏமாற்று வேலை இல்லை. ஒவ்வொரு பிக்சலும் பொடிசாக இருப்பதால் மங்கலான வெளிச்சத்தில் தனித்தனியாக எதுவும் உருப்படியாகப் பார்க்காது. கூட்டாகச் சேர்ந்தால் ஓரளவு பார்க்கும். ஆகவே கேமரா வாங்கும்போது பிக்சல் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், ஒளியைப் பிடிக்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். கடைக்காரர் முழிப்பார். அந்த முழியும் ஒரு தகவல்தான்.

கே: ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கணினி 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி எங்கே?

ப: எங்கேயும் போகவில்லை. தயாரித்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார், உங்கள் விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இருவர் கையிலும் வேறு வேறு படி.

கே: படுக்கையறையில் வைஃபை ரௌட்டர் வைக்கலாமா? கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.

ப: வைக்கலாம். அந்த அறையில் எரியும் பல்பு வெளிவிடும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும், வைஃபை அலையின் ஒரு துகளைவிடச் சுமார் 2 லட்சம் மடங்கு ஆற்றல் இருக்கிறது. பல்பைப் பார்த்து நாம் யாரும் பயப்படுவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ரௌட்டர் வழியாக உங்களுக்கு வரும் அலுவலக மெயில்தான் தூக்கத்துக்கு ஆபத்து.

கே: ஐடியில் சேர்ந்து ஒன்றரை வருடம். போன வாரம் சோதனைக்கான டெஸ்ட் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் லைவ் டேட்டாபேஸில் ஒரு கட்டளை அடித்துவிட்டேன். நாலு மணி நேரம் வாடிக்கையாளர் யாராலும் உள்ளே வர முடியவில்லை. யாரும் திட்டவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவதுபோல் இருக்கிறது. இந்த வேலை எனக்குச் சரிவராதோ?

ப: தம்பியோ தங்கையோ, முதலில் தண்ணீர் குடியுங்கள். என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு அது மூன்றாவது வருடம். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று டெஸ்ட், ஒன்று லைவ். ஒரே நிறம், ஒரே எழுத்து. ராத்திரி ஒன்பதரை மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் அழிக்கும் கட்டளையை லைவ் ஜன்னலில் அடித்தேன். என்டர் தட்டிய விரல் மேலே எழும்புவதற்குள் புரிந்துவிட்டது. வயிற்றுக்குள் லிஃப்ட் அறுந்து விழுகிற அந்த உணர்வை நீங்களும் இப்போது அறிவீர்கள்.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், தினமும் காலை ஆறு மணிக்கு "பேக்கப் வெற்றி" என்று மெயில் வந்துகொண்டிருந்த அந்த ஃபைல்களின் அளவு பூஜ்யம். வட்டு நிரம்பிப்போய் ஐந்து மாதமாகக் காலி ஃபைலைத்தான் சமர்த்தாக எழுதிவைத்திருந்தது பேக்கப் எடுக்கும் அந்தக் குட்டி நிரல். மெயிலை எல்லோரும் பார்த்தோம், ஃபைலை ஒருவரும் திறக்கவில்லை. பக்கத்து சீட்டு நண்பர் தன் சோதனைக்காக ஒன்பது நாள் முன்பு எடுத்துவைத்த ஒரு பிரதி கிடைத்தது. அந்த ஒன்பது நாள் விவரங்களை, நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக் ஃபைல்களிலிருந்து பொறுக்கி எடுத்துச் சேர்க்க இரண்டு ராத்திரி ஆயிற்று.

மூன்றாம் நாள் கூட்டத்தில் என் டீம் லீட் "யார் செய்தது?" என்று கேட்கவில்லை. "இரண்டு ஜன்னலும் ஏன் ஒரே மாதிரி இருந்தன?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை என் லைவ் ஜன்னலுக்குச் சிவப்புப் பின்னணி. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து நிஜமாகவே மீட்டுப் பார்ப்போம். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை, நேர்த்திக்கடன் கணக்கில் வைத்துவிடுவேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், ராத்திரி வேலை பார்த்துக் களைத்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சும்போதுதான் நிறுத்த முடிந்தது. ஐந்து வழிகளில் பேக்கப் வைத்திருந்தார்கள், ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த பிரதி காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஒரு நிறுவனத்தின்மீது எனக்கு மரியாதை வந்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

1996-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிச் சுமார் 37 நொடியில் திசை மாறிச் சிதறியது. 64 பிட்டில், அதாவது 0 அல்லது 1 எழுதும் 64 கட்டங்களில், இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்ததுதான் காரணம். பழைய ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம், ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.

நீங்கள் நாலு மணி நேரத்தில் மீண்டுவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்த உடனே சொன்னீர்களா, அல்லது நீங்களே சரிசெய்துவிடலாம் என்று அரை மணி நேரம் தடவிக்கொண்டிருந்தீர்களா? உடனே சொல்லியிருந்தால் உங்களை நான் நாளைக்கே என் அணியில் எடுத்துக்கொள்வேன். தடவியிருந்தால், அடுத்த தடவை தடவாதீர்கள். பேச்சை நிறுத்துகிறார்கள் என்றீர்களே, அவரவர் தங்கள் ஜன்னல்களின் நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கே: எங்கள் அலுவலகத்தில் 45 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

ப: அவசியமில்லை. கசிந்ததாகத் தெரிந்தால் ஒழிய, நாள் குறித்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? கடைசியில் இருக்கும் 7-ஐ 8 ஆக்குவார். திருடனுக்கும் எண்ணத் தெரியும்.

கே: ஏஐ வந்துவிட்டது. நிரல் எழுதுபவர்களுக்கு இனி வேலை இருக்குமா?

ப: தினமும் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். எழுதும் நேரம் குறைந்துவிட்டது, படிக்கும் நேரம் கூடிவிட்டது. அடுத்தவர் எழுதியதைப் படிப்பது எப்போதுமே கடினம். அந்த அடுத்தவர் தயக்கமே இல்லாதவராக இருந்தால் இன்னும் கடினம்.

போன மாதம் ஒரு வேலை. வாடிக்கையாளர் பெயர் நீளமாக இருந்தால் இருபது எழுத்தோடு வெட்டிக் காட்ட வேண்டும். ஏஐ கண்மூடித் திறப்பதற்குள் எழுதிக் கொடுத்தது, ஆங்கிலப் பெயர்களில் கச்சிதம். நான் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொடுத்தேன். கடைசி எழுத்தின் கொம்பை வெட்டிவிட்டு மொட்டையாக நிறுத்தியது. "தமிழ்" என்பதை நாம் மூன்று எழுத்து என்போம். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறிக்கு மூன்று வீதம் 15 பைட். ஒரே சொல்லுக்கு மூன்று நீளம். எதை "எழுத்து" என்கிறோம் என்று கேட்க வேண்டும் என்பதே அதற்குத் தோன்றவில்லை. (எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறியோடு நின்றுவிடும் என்பதும் இதே குடும்பத்துச் சண்டைதான்.)

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் கவலை வேறு. அதைக் கேட்க நான் கற்றுக்கொண்டது, ஆரம்ப வருடங்களில் இப்படி நூறு சில்லறை வேலைகளை நானே கெடுத்துக் கெடுத்துத்தான். அந்தச் சில்லறை வேலைகளை இப்போது ஏஐ எடுத்துக்கொள்கிறது. புதிதாக வருபவர் எதைக் கெடுத்துக் கற்றுக்கொள்வார்? என்னிடம் பதில் இல்லை. என் அணியில் புதியவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஏஐ கிடையாது என்று வைத்திருக்கிறேன். அவர்கள் என்னைக் கிழவி என்கிறார்கள்.

கே: ஐன்ஸ்டைன் கோட்பாட்டால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன்?

ப: வழி தவறாமல் வீடு போய்ச் சேரலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகமாக ஓடுவதால் அங்கிருக்கும் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்கும். புவியீர்ப்பு அங்கே குறைவு என்பதால் 45 மைக்ரோநொடி முந்தும். கழித்தால் 38 முந்துகிறது. ஒரு மைக்ரோநொடியில் ஒளி 300 மீட்டர் போகும், பெருக்கிப் பாருங்கள், 11 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் அவ்வளவு தூரக் குளறுபடி சேரும். அதனால் கடிகாரங்களைத் தரையிலேயே அந்த அளவுக்கு மெதுவாக்கி அனுப்புகிறார்கள். "இடது பக்கம் திரும்பவும்" என்று போனில் வழி காட்டும் அம்மாள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பொதுச் சார்பியலும் சேர்ந்துதான் பேசுகிறது.

கே: 2000 பிறந்ததும் கணினிகளின் தேதி குழம்பும் என்று பயந்தோமே, அந்த ஒய்2கே போல இன்னொன்று வருமா?

ப: தேதியே குறித்தாகிவிட்டது. 2038 ஜனவரி 19, உலகப் பொதுநேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. 1970-லிருந்து நொடிகளை எண்ணிவரும் 32 பிட் கடிகாரங்கள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-ஐத் தொட்டு, அடுத்த நொடியில் 1901-க்குப் போய்விடும். போனும் கணினியும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எங்கோ சுவருக்குள் பதித்து எல்லோரும் மறந்துபோன கட்டுப்பாட்டுப் பெட்டிகளை நினைத்தால்தான் பகீர் என்கிறது.

கே: உங்களுக்கு மிகவும் பிடித்த கணினி எது?

ப: வாயேஜர் 1 விண்கலத்துக்குள் இருப்பது. 1977-இல் கிளம்பியது. 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது, வந்த தகவலில் ஒரு வரியும் புரியவில்லை. மாதக்கணக்கில் தோண்டியதில், நினைவகத்தின் ஒரு சிப் செத்துவிட்டது தெரிந்தது. 2,400 கோடி கிலோமீட்டர் தாண்டிப் போய் யார் சிப்பை மாற்றுவது? அந்தச் சிப்பில் இருந்த நிரலை வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்றால், முழுசாக வைக்க எங்கும் இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துபொந்துகளில் சொருகி, ஒன்றையொன்று சரியாகக் கூப்பிடும்படி முகவரிகளை மாற்றி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. 20-ஆம் தேதி அது மறுபடி ஒழுங்காகப் பேசியது.

என் அலுவலகத்தில் ஒரு மாற்றம் லைவுக்குப் போக ஆறு நிமிடம் ஆகும். நான் அதற்கே மூன்று தடவை எழுந்து நடப்பேன்.

கே: ஒரு டிராயர் முழுக்கப் பழைய கேபிள்களும் போன்களும் கிடக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாமா?

ப: தவறான ஆளிடம் கேட்கிறீர்கள். என்னிடம் இரண்டு டிராயர். போன வருடம் ஒரு பழைய கேமராவிலிருந்து அப்பாவின் படங்களை எடுக்க மினி யூஎஸ்பி கேபிள் தேவைப்பட்டது, இரண்டாவது டிராயரின் அடியில் கிடைத்தது. அதிலிருந்து எதையும் எறிய என்னால் முடியவில்லை. ஆனால் போன்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எதிலாவது திரை லேசாக மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்த வேண்டாம், அமுக்க வேண்டாம், சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம், குப்பையோடு போடவும் வேண்டாம். மின்கழிவு எடுப்பவர்களிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.