வாசகர் கேள்வி: தம்பதியாக ‘இட் டேக்ஸ் டூ’ ஆட நினைப்பவர்களுக்கு

கேள்வி: விவாகரத்துக்குத் தயாரான கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறி உயிர் பிழைக்கும் ஒரு விளையாட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் கணவருக்கு இரவுப் பணி. நான் தனியாக ஆட முடியுமா? (வாசகி, கோவை)

பதில்: முடியாது. ‘இட் டேக்ஸ் டூ’ முழுக்க முழுக்க இருவர் ஆட்டம். கம்ப்யூட்டர் உங்கள் ஜோடியாக ஆடாது. முன்பின் தெரியாத ஒருவரை இணையத்தில் தேடித் தரும் வசதியும் இல்லை. அவருக்கு விடுமுறை வரும் நாளில் ஆரம்பியுங்கள்.

ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஹேஸ்லைட் நிறுவனத்துக்காக ஜோசப் ஃபாரெஸ் இயக்கி, ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. 2021 மார்ச்சில் வந்து, அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. மனைவி மே பொறியாளர்; கணவன் கோடி வீட்டோடு இருந்து மகள் ரோஸைப் பார்த்துக்கொள்பவர். பிரியப்போகிறோம் என்று மகளிடம் சொல்கிறார்கள். அவள் தானே செய்த இரண்டு பொம்மைகள் மீது அழ, பெற்றோர் அந்தப் பொம்மைகளுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பழுது பார்க்காமல் கைவிட்ட வேக்குவம் கிளீனர் பழிவாங்க வருகிறது. ‘டாக்டர் ஹக்கீம்’ என்ற பேசும் புத்தகம் இடுப்பை ஆட்டிக்கொண்டு இல்லற உபதேசம் செய்கிறது. சிரிப்பும் வலியும் கலந்தே வரும். முடிக்க 12 முதல் 14 மணி நேரம் ஆகும். தமிழ் சப்டைட்டில் கிடையாது.

கேள்வி: என் லேப்டாப்பில் ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ் கார்டு. சி டிரைவில் 42 ஜிபி காலி. ஓடுமா? (வாசகர், மதுரை)

பதில்: ஓடும், ஆனால் சி டிரைவில் இடம் போதாது. குறைந்தபட்சத் தேவை 50 ஜிபி இடம், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 660 அளவுக்கு ஒரு கார்டு. நன்றாக ஓட 16 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 980-ம் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் கார்டு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் கிராபிக்ஸை மீடியத்தில் வையுங்கள். ஸ்கிரீனை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு காட்சிகளை வரைவதால், மற்ற ஆட்டங்களை நன்றாக ஓட்டும் லேப்டாப்கூட இதில் திணறலாம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுக்கும்போது எந்த டிரைவ் என்று கேட்கும். டி டிரைவைத் தேர்ந்தெடுங்கள், அது எஸ்எஸ்டியாக (வேகமான புதிய வகை டிரைவ்) இருந்தால் இன்னும் நல்லது. இன்ஸ்டால் ஆனதும் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், இந்த ஆட்டத்துக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று குறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் சில லேப்டாப்கள் கார்டை விட்டுவிட்டு பிராசஸருக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸிலேயே ஆட்டத்தை ஓட்டும். ‘கார்டு இருந்தும் நொண்டுகிறது’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஆடாதீர்கள், பேட்டரியில் வேகம் குறைந்துவிடும்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்க நினைத்தால், தினம் 2 ஜிபி திட்டத்தில் 25 நாள் ஆகும். நொடிக்கு 50 மெகாபிட் வரும் வீட்டு இணைப்பில் இரண்டேகால் மணி நேரம்.

கேள்வி: நான் தஞ்சாவூரில், கணவர் சிங்கப்பூரில். இருவரும் தனித்தனியாக வாங்க வேண்டுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம், ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர், ஆட்டத்தை வாங்கிய அதே இணையக் கடையில் ‘இட் டேக்ஸ் டூ ஃப்ரெண்ட்ஸ் பாஸ்’ என்று தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இலவசம் என்றாலும் அது முழு ஆட்டமேதான், டவுன்லோடும் அவ்வளவு பெரியது. எனவே அவரை முதல் நாளே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஈஏ கணக்கு கேட்டால் இருவரும் ஆளுக்கொன்று தொடங்கிக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் நண்பர் பட்டியலில் சேர்த்த பிறகு, வாங்கியவர் ஆட்டத்தைத் திறந்து ஆன்லைன் ஆட்டத்தைத் தொடங்கி அழைப்பு அனுப்ப வேண்டும். பாஸ் வைத்திருப்பவரால் தானாக ஆட்டம் தொடங்க முடியாது, அழைப்பை ஏற்று உள்ளே வரத்தான் முடியும்.

வாங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பவர் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் கருவிகளில் இருப்பவரோடு ஆட முடியாது. பிளேஸ்டேஷனில் பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் சேரும். எக்ஸ்பாக்ஸின் பழைய, புதிய தலைமுறைகளும் தங்களுக்குள் சேரும். இருவரிடமும் வேறு வேறு கருவிதான் இருக்கிறது என்றால், அதே நிறுவனம் 2025-ல் வெளியிட்ட ‘ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன்’ அந்தத் தடை இல்லாமல் ஓடும். ஆனால் அது தம்பதியின் கதை அல்ல.

பேசிக்கொண்டே ஆட போன் அழைப்பு போதும். ஹெட்செட் கட்டாயம், இல்லையென்றால் ஆட்டத்தின் சத்தம் திரும்பித் திரும்பி எதிரொலிக்கும்.

கேள்வி: ஒரே கீபோர்டில் ஆளுக்குப் பாதியாக ஆட முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியாது. ஒரே கம்ப்யூட்டரில் ஆட ஒரு கன்ட்ரோலராவது (கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி) வேண்டும், இரண்டாமவர் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் சிறப்பு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைச் செருகியும் அசைவே இல்லையென்றால், ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ‘ஸ்டீம் இன்புட்’டை இயக்குங்கள். லேப்டாப் ஸ்கிரீனில் பாதி ஆளுக்கு என்றால் கண் வலிக்கும். எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குக் கொடுத்து, டிவியை ‘கேம் மோடு’க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பட்டன் அழுத்தியதற்கும் பொம்மை குதிப்பதற்கும் இடையே தாமதம் தெரியும்.

கேள்வி: என் மனைவி கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. முதல் அரை மணியில் விழுந்து விழுந்து வெறுத்துப்போய் எழுந்துவிட்டார். என்ன செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அவர் விழுவதற்குக் காரணம் அநேகமாகக் குதிப்பது அல்ல, கேமராதான். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கில் (விரலால் தள்ளும் சிறு குமிழ்) நடந்துகொண்டே வலது ஸ்டிக்கில் பார்வையைத் திருப்புவது புதியவருக்குக் கை வராத வேலை. ஆபத்தில்லாத இடம் ஒன்றில் நின்று, பத்து நிமிடம் நடக்கவும் சுற்றிப் பார்க்கவும் மட்டும் விடுங்கள். அடுத்து இரட்டைக் குதி: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ இரு முறை. இரண்டாவது அழுத்தலை உச்சியில் கொடுக்க வேண்டும்; புதியவர்கள் பதற்றத்தில் இரண்டையும் ஒட்டி அழுத்துவதால்தான் தூரம் போதாமல் விழுகிறார்கள். பிறகு எக்ஸ் அழுத்திப் பாய்வது. குதி, குதி, பாய் என்ற வரிசை கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான இடைவெளிகளைத் தாண்டிவிடலாம்.

விழுந்தால் தண்டனை பெரிதாக இல்லை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள். சண்டைக் காட்சிகளில் ஒருவர் செத்தாலும் மற்றவர் உயிரோடு இருக்கும்வரை பட்டனைத் தட்டித் தட்டித் திரும்பி வரலாம். இருவரும் ஒரே நேரத்தில் செத்தால்தான் பின்னால் போக வேண்டும். ஆகவே மனைவி விழுந்ததும் நீங்கள் எதிரியை அடிக்க ஓடாதீர்கள். அவர் வரும்வரை ஒளிந்து உயிர் பிழைப்பதே அந்த நேரத்தில் உங்கள் வேலை.

பாத்திரத் தேர்வும் முக்கியம். முதல் அத்தியாயத்தில் கோடி குறிபார்த்து ஆணி எறிய வேண்டும், மே சுத்தியலை அந்த ஆணியில் மாட்டி ஊஞ்சலாடி உடைத்தால் போதும். புதியவருக்கு மேயைக் கொடுங்கள். கடிகார அத்தியாயத்தில் நிலைமை தலைகீழ்: கோடி பொருள்களின் காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறார், மே தன் நகலை ஓரிடத்தில் விட்டு அங்கே தாவ வேண்டும், அது கொஞ்சம் குழப்பும். அத்தியாயப் பட்டியலிலிருந்து தொடங்கினால் யார் யார் என்று மறுபடி கேட்கும், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பனி கொட்டும் கண்ணாடி உருண்டை (ஸ்னோ குளோப்) அத்தியாயத்தில் இருவருக்கும் ஆளுக்குப் பாதிக் காந்தம் என்பதால் வேலை கிட்டத்தட்ட சமம்.

இன்னொன்றையும் மனதார வேண்டிக்கொள்கிறேன். அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி நீங்களே தாண்டிக்கொடுக்காதீர்கள். அடுத்த இடைவெளி வந்ததும் அவர் தானாகவே அதை உங்களிடம் நீட்டிவிடுவார், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: மரத்து அத்தியாயத்தில் குளவிகளிடம் மாட்டி நிற்கிறோம். சுட்டாலும் சாகவில்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: வரிசை தவறுகிறது. கோடியின் துப்பாக்கியில் மரப்பிசின், மேயிடம் தீக்குச்சி. பிசின் முதலில், தீ பிறகு. கோடி ஒரே இலக்கில் போதுமான அளவு பூசியதும் ‘இப்போ’ என்று குரல் கொடுக்க, மே சுட வேண்டும். இருவரும் வேறு வேறு குளவியைக் குறிவைப்பதால்தான் ஒன்றும் வெடிப்பதில்லை. அதே பிசினுக்கு எடையும் உண்டு. தொங்கும் பலகையில் அடித்தால் அது தாழ்ந்து வழி கொடுக்கும்.

கேள்வி: ஏழு வயது மகளும் கூட உட்கார்ந்து பார்க்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: ஐரோப்பிய மதிப்பீட்டில் இது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பெரும்பகுதி வண்ணமயமாக இருந்தாலும், மூன்றாவது அத்தியாயமான ரோஸின் அறையின் கடைசிப் பகுதியில் அவளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். மகள் அழுதால் பழையபடி மனிதர்களாகிவிடலாம் என்று நம்பி, அவளுக்குப் பிடித்த யானைப் பொம்மையை மேயும் கோடியும் அழிக்கப் போகிறார்கள். அது கெஞ்சக் கெஞ்ச, பட்டனை அழுத்தி இழுத்துப்போவது நீங்கள்தான். பெரியவர்களையே உலுக்கும் இடம். தன் பொம்மையோடு தூங்கும் குழந்தை பார்க்க வேண்டியது அல்ல. கோட்டைப் பகுதியில் மே நெருப்பு வாளும் கோடி பனி மந்திரமும் பெற்றுச் சண்டை போடத் தொடங்கினால், யானை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் நிறுத்தி, மீதியை அவள் தூங்கிய பிறகு ஆடுங்கள். அவளையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் வழியெங்கும் சிதறிக் கிடக்கும் 25 சிறு போட்டிகள் இருக்கின்றன. கண்டுபிடித்தவற்றை முதன்மை மெனுவிலிருந்தே தனியாகத் திறக்கலாம். ஒரு கன்ட்ரோலரை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.