ஒரே குரல் பல வேடங்களில் வருவது ஏன்?

உங்கள் காது பிசகவில்லை. 'தி சென்ட்ரல் பார்க் ஃபைவ்' ஓபராவில் வெவ்வேறு வெள்ளை அதிகாரிகளாக வருவது ஒரே பாடகர்தான். வேடத்தின் பெயரே 'தி மாஸ்க்', அதாவது முகமூடி.

ஆள் பற்றாக்குறை என்று எனக்குத் தோன்றவில்லை. ஓபராவின் கதை உண்மை வழக்கு: 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் தாக்கப்பட்டு வன்புணரப்பட்டதற்காகத் தவறாகப் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்ட ஐவரும் 14 முதல் 16 வயதுச் சிறுவர்கள். அவர்களுக்கு அதிகாரம் முழுவதும் ஒரே முகமாகத்தானே தெரிந்திருக்கும்? உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, டிஎன்ஏவும் பொருந்தி, தண்டனை ரத்தாக 2002 ஆகிவிட்டது.

நிகழ்ச்சிக் கையேட்டின் பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். டிரம்புக்கும் (அப்போது மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரச் சொல்லிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர் ஆயிற்றே) உதவி அரசு வழக்கறிஞருக்கும் தனித்தனிப் பாடகர்கள் இருப்பார்கள்.

ஒன்று கவனம்: 2016இல் நியூவார்க்கில் 'ஃபைவ்' என்ற பெயரில் மேடையேறியது முந்தைய வடிவம். 2019ஆம் ஆண்டு லாங் பீச் ஓபரா தயாரிப்பின் பட்டியலைத் தேடுங்கள்.